நாற்காலிக்கு வர முடியாதவர்களின் பல்

பல்வலி பெரும்பாலும் இரவில்தான் உச்சத்துக்குப் போகும். படுத்ததும் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும். சொத்தைக்கு அடியில் வீங்கிக் கிடக்கும் பல்கூழில் அழுத்தம் ஏறும். விண் விண்ணென்று தெறிக்கும். கிராம்பைக் கடித்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு எப்படியோ விடியவைப்பார்கள். காலையில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டால் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். முகம் வீங்கிய பிறகுதான் பல் டாக்டர் நினைவுக்கு வருவார். அப்போது இரண்டு வழிகள்தான் மிச்சமிருக்கும்: ஆயிரக்கணக்கில் செலவாகும் வேர் சிகிச்சை, அல்லது பல்லைப் பிடுங்குவது.

"இவ்வளவு நாள் ஏன் விட்டுவெச்சீங்க?" என்று கேட்பது சுலபம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. வேர் சிகிச்சைக்கு மூன்று முறை வரச்சொன்னால் மூன்று நாள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மாடியில் இருக்கும் கிளினிக் இருந்தும் இல்லாததுதான். ஆட்டிசம் உள்ள குழந்தையால் அந்த வெளிச்சத்தையும் துளைக் கருவியின் கிரீச் சத்தத்தையும் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாது. பக்கவாதம் வந்து படுத்த பாட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. சிறுவயதில் போட்ட ஊசியின் பயத்தை ஐம்பது வயதிலும் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரையும் அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வாய் நோய் இருக்கிறது. அவர்களில் நான்கில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். நிலையான பற்களில் சிகிச்சை பெறாத சொத்தை உள்ளவர்கள் மட்டும் ஏறத்தாழ 200 கோடி. பால் பற்களில் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் 51 கோடிக்கும் மேல். இத்தனை பேரையும் கிளினிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஊசி போட்டு, துளைத்து, அடைத்து முடிக்க எந்த நாட்டிலும் போதுமான நாற்காலி கிடையாது.

பல் மருத்துவம் ஒரு நாற்காலியையும் ஒரு துளைக் கருவியையும் சுற்றி வளர்ந்தது. அந்த இரண்டும் இல்லாமலே பெரும்பாலான சொத்தைகளை நிறுத்த முடியும் என்று கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. சிகிச்சை நோயாளியைத் தேடிப் போகலாம். அவர் உடலுக்கும் பயத்துக்கும் வசதிக்கும் ஏற்ப மாறலாம். தடையாக நிற்பது நம் ஏற்பாடுகள்தான்.

மெல்ல வளரும் நோய்

சொத்தை ஒரே நாளில் விழும் ஓட்டை இல்லை. பல்லின் மேலுறையான எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகங்கள். நாம் எதையாவது இனிப்பாகச் சாப்பிட்டதும், பல்மேல் படிந்திருக்கும் படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு வாயில் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கனிமம் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

இது நாள் முழுக்க நடக்கும் வரவு செலவு. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீஃபன் 1940-களில் அளந்து பார்த்தபோது, சர்க்கரைக் கரைசலைக் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே பல்மேல் பி.எச். சடாரென்று இறங்கியது, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆனது. சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பதைவிட, காலையிலிருந்து மாலை வரை அவ்வப்போது மிட்டாய் சப்புவதும் சர்க்கரை போட்ட டீயைத் திரும்பத் திரும்பக் குடிப்பதும் பல்லுக்கு அதிகக் கேடு செய்வது இதனால்தான். உமிழ்நீருக்குத் திருப்பிக் கொடுக்க நேரமே கிடைப்பதில்லை.

செலவு வரவை மிஞ்சும் இடத்தில் முதலில் தெரிவது சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு. அந்தக் கட்டத்தில் ஓட்டை இருக்காது, வலி இருக்காது. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் ஒழுங்காகத் தேய்த்து, இடையிடையே இனிப்பைக் குறைத்தால் அந்தத் திட்டு அப்படியே நின்றுவிடும்; சில சமயம் மறைந்தும் போகும். ஃபுளோரைடு படிகத்துக்குள் புகுந்து, அமிலத்தை மேலும் தாங்கக்கூடியதாக அதை மாற்றுகிறது. வெள்ளைத் திட்டு ஓட்டையாவதற்குப் பல மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூட ஆகலாம். நோயைத் தடுத்து நிறுத்த இவ்வளவு நீண்ட அவகாசம் மற்ற நோய்களில் அரிது. அந்த அவகாசத்தில் நோயாளியை யாரும் சந்திப்பதில்லை என்பதுதான் துயரம்.

துளைக்காமல் அடைப்பது

அப்படியானால் பல்லைத் துளைக்கும் பழக்கம் எப்படி வந்தது? பழைய அடைப்புப் பொருளான வெள்ளிக்கலவை பல்லோடு ஒட்டாது. அது விழாமல் நிற்கவேண்டுமானால், உள்ளே அகன்றும் வாய்ப்பக்கம் குறுகியும் குழியைச் செதுக்கவேண்டும். அதற்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்டினார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் வகுத்த விதிகள், சொத்தை வராத பள்ளங்கள் வரைக்கும் குழியை நீட்டச் சொல்லின. 1957-ல் நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்றுகள் சுழலும் காற்று விசைத் துளைக்கருவி சந்தைக்கு வந்த பிறகு வெட்டுவது சுலபமாயிற்று. கூடவே மின்சாரமும் காற்றழுத்த இயந்திரமும் தண்ணீர்க் குழாயும் மரத்துப்போகும் ஊசியும் தவிர்க்க முடியாதவை ஆயின. இவை எல்லாம் இருக்கும் இடமே பல் ஆஸ்பத்திரி என்று ஆனது.

மாற்றத்துக்கு வழி திறந்தது ஒரு சிமெண்ட். லண்டனில் பிரிட்டிஷ் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1969-ல் கிளாஸ் அயனோமர் என்ற பொருளை உருவாக்கினார்கள். ஃபுளோரைடு கலந்த கண்ணாடித் தூளையும் பாலிஅக்ரிலிக் அமிலத்தையும் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகும். அந்த அமிலம் பல்லின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பு கொள்வதால், சிமெண்ட் பல்லோடு தானாகவே ஒட்டுகிறது. செதுக்கத் தேவையில்லை. இறுகிய பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் டோக்கியோவில் தகாவோ ஃபுசயாமா, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினில் சொத்தை பிடித்தால் இரண்டு அடுக்குகள் இருப்பதைக் காட்டினார். மேலடுக்கு கிருமி நிறைந்து, கட்டமைப்பு குலைந்து, கரண்டியால் சுரண்டினாலே வந்துவிடும். அதற்கு அடியில் இருப்பது கனிமத்தை இழந்து மென்மையாக இருந்தாலும் கட்டமைப்பு கெடாதது. கனிமம் கிடைத்தால் மீண்டும் கெட்டிப்படும். நரம்பை நெருங்கும் வரை துளைத்து, கடைசித் துணுக்கு வரை சுத்தம் செய்யவேண்டும் என்ற பழைய பாடத்துக்கு இனி அவசியம் இல்லை.

இந்த எண்ணங்களுக்குத் தான்சானியாவில் செயல்வடிவம் கிடைத்தது. 1980-களின் நடுவில், தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நெதர்லாந்துப் பல் மருத்துவர் யோ ஃபிரென்கென், மின்சாரமே இல்லாத ஊர்களில் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாத நிலையைப் பார்த்தார். கைக் கருவிகளை மட்டும் கொண்டு சொத்தையைச் சுரண்டி எடுத்து, ஒட்டும் சிமெண்டால் மூடும் முறையை அங்கே தொடங்கினார். பிறகு தாய்லாந்திலும் ஜிம்பாப்வேயிலும் களச் சோதனைகள் நடந்தன. வாய்நலத்தைக் கருப்பொருளாகக் கொண்ட 1994-ஆம் ஆண்டின் உலக சுகாதார நாளில் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை முன்னிறுத்தியது.

செய்யும் விதத்தைக் கிட்டே இருந்து பார்க்கலாம். பள்ளி வராந்தாவில் ஒரு பெஞ்ச் போதும். குழந்தை மல்லாந்து படுக்கிறது. சிகிச்சை செய்பவர் தலைமாட்டில் உட்காருகிறார். தட்டில் ஒரு சிறு கண்ணாடி, ஒரு குத்தூசி, ஒரு இடுக்கி, எனாமல் விளிம்பை உடைக்கும் சிற்றுளி, இரண்டு மூன்று அளவுகளில் சுரண்டும் கரண்டிகள், பஞ்சு. பல்லைச் சுற்றிப் பஞ்சுருளை வைத்து உமிழ்நீரைத் தடுக்கிறார். ஈரப்பஞ்சால் துடைக்கிறார். ஓட்டையின் வாய் சிறிதாக இருந்தால் சிற்றுளியைத் திருகி அகலப்படுத்துகிறார். மெத்தென்ற பழுப்புச் சொத்தை கரண்டியில் செதிலாக வருகிறது. ஓரங்களை முழுக்கச் சுத்தம் செய்கிறார், நரம்புக்கு அருகே நிறுத்திக்கொள்கிறார். தூளையும் திரவத்தையும் குழைத்துக் குழியிலும் பக்கத்துப் பள்ளங்களிலும் நிரப்பி, வாசலின் தடவிய விரலால் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கிறார். வழிந்ததை வழித்தெடுத்து, கடித்துப் பார்க்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதே என்று சொல்லி அனுப்பிவிடலாம். பெரும்பாலும் ஊசி தேவைப்படுவதில்லை, ஏனென்றால் செத்துப்போன பகுதியைச் சுரண்டும்போது வலிப்பதில்லை.

இது ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று நினைக்கத் தோன்றும். ஒரு பக்கம் மட்டும் கெட்ட பல்லில் இந்த அடைப்பு நன்றாக நிற்கிறது. இரு பற்களுக்கு நடுவில் விழுந்த பெரிய சொத்தைகளில் சீக்கிரம் பெயர்ந்துவிடுகிறது. அந்த வரம்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வசதியான நாடுகளிலும் ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளுக்கு இப்போது இதைச் செய்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் இன்னும் ஒரு படி போனார். பால் பல்லின் சொத்தையைச் சுரண்டவும் இல்லை, மரக்க வைக்கவும் இல்லை. அதன்மேல் எஃகுத் தொப்பியை சிமெண்டால் ஒட்டி மூடிவிட்டார். உள்ளே அகப்பட்ட பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை கிடைக்காது. சொத்தை அங்கேயே நின்றுவிடும். இதைச் சோதித்த ஸ்காட்லாந்து ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2011-ல் வெளிவந்தன. வழக்கமான அடைப்பு வைத்த பற்களில் 16.5 சதவீதத்தில் வலி, சீழ் போன்ற பெரிய தோல்விகள் நேர்ந்தன. தொப்பி போட்ட பற்களில் அது 3 சதவீதம்தான். குழந்தைக்கு எளிதாக இருந்த வைத்தியமே பல்லுக்கும் நல்லதாக முடிந்தது.

ஒரு சொட்டு மருந்து

பெஞ்சில் படுக்கக்கூட முடியாதவர்களுக்கு என்ன செய்வது? ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மிசுஹோ நிஷினோவும் ரெய்ச்சி யமாகாவும் 1960-களின் இறுதியில் இதற்கு ஒரு விடை கண்டார்கள்: சில்வர் டையமின் ஃபுளோரைடு. வெள்ளி பாக்டீரியாவைக் கொல்கிறது. ஃபுளோரைடு கரைந்த கனிமத்தை மீண்டும் கெட்டிப்படுத்துகிறது. டென்டினின் புரத வலையை அரிக்கும் நொதிகளையும் இந்த மருந்து தடுக்கிறது. ஜப்பானில் 1970 முதல் இது புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல்தான் இதை அனுமதித்தது, அதுவும் பல் கூச்சத்தைக் குறைப்பதற்காக. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இதையும், ஃபுளோரைடு பேஸ்ட்டையும், கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டையும் சேர்த்தது.

பூசுவது எளிது. உதட்டிலும் ஈறிலும் வாசலின் தடவி, சொத்தையைப் பஞ்சால் உலர்த்தி, நுண் பிரஷ்ஷின் நுனியில் தொட்டு ஒரு நிமிடம் தடவினால் போதும். ஊசி இல்லை, சத்தம் இல்லை, அறுப்பதில்லை. வாயில் கொஞ்ச நேரம் உலோகச் சுவை இருக்கும். ஒரு சொட்டு நான்கைந்து பற்களுக்கு வரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசினால், பால் பற்களில் இருக்கும் சொத்தைகளில் சுமார் 80 சதவீதம் நின்றுவிடுவதாகப் பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன.

இதற்கு ஒரு விலை உண்டு. சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கருத்துவிடும். கடைவாய்ப் பல்லானால் பலரும் பொருட்படுத்தமாட்டார்கள். முன்பல்லானால் சிரிக்கும்போது தெரியும். அதனால் பூசும் முன் நோயாளியிடமோ தாய் தகப்பனிடமோ கருத்த பல்லின் படத்தைக் காட்டிச் சம்மதம் கேட்பது கட்டாயம். "வலி நின்னா போதும் டாக்டர்" என்பார் ஒருவர். "பொண்ணுக்கு முன்பல்லு, வேற வழி இருக்கா?" என்று கேட்பார் இன்னொருவர். இரண்டும் நியாயமான பதில்கள். இரண்டுக்கும் வழி சொல்லவேண்டும். நரம்பு வரை போய்ச் சீழ் பிடித்த பல்லுக்கு இந்த மருந்து உதவாது. வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வாயில் புண் உள்ளவர்களுக்கும் பூசக்கூடாது.

ஃபுளோரைடு என்றதும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் யோசிப்பார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட ஊர்கள் அவை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே சிக்கல், பல் உருவாகும் வயதில் ஆண்டுக்கணக்காகக் குடித்த தண்ணீர். ஒரு சொட்டு மருந்தில் இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம், அதுவும் ஆண்டுக்கு ஓரிரு முறை. அளவும் காலமும்தான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கின்றன. அந்த மாவட்டங்களில் சிறு குழந்தைக்கு எந்த பேஸ்ட், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

பூசும் கை யாருடையது

கருவி எளிதானால், செய்பவர் யார் என்பதையும் யோசிக்கலாம். நியூசிலாந்து 1921-லேயே பள்ளிகளுக்கென்று பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. ஊர் ஊராகப் பள்ளி வளாகத்திலேயே சிகிச்சை கிடைத்தது. உலகமே பின்பற்றிய முன்மாதிரி அது. ஆனால் அந்நாட்டுக் குழந்தைகள் சிகிச்சை நடந்த அந்த இடத்துக்கு வைத்த பெயர் 'கொலை வீடு'. சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், துளைக் கருவியின் பயம் பல குழந்தைகளோடு முதுமை வரை வந்தது. பக்கத்தில் வந்தால் மட்டும் போதாது, பரிவோடும் வரவேண்டும் என்பதை நியூசிலாந்து கற்றுத்தந்தது.

அலாஸ்காவில் சாலையே இல்லாத பனிக் கிராமங்கள் உண்டு. பல் மருத்துவர் விமானத்தில் ஆண்டுக்கு ஓரிரு முறை வந்தாலே பெரிது. அங்குள்ள பழங்குடி சுகாதார அமைப்பு 2003-ல் தம் இளைஞர்களை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பல் சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தது. பல் மருத்துவர் சங்கங்கள் எதிர்த்து நீதிமன்றம் வரை போயும் திட்டம் நிலைத்தது. சொந்த ஊர்க்காரர், சொந்த மொழியில், ஆண்டு முழுவதும் பார்க்கிறார். நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வெள்ளி ஃபுளோரைடு மருந்தைப் பள்ளிச் செவிலியர்கள் பூசினாலும் பல் சுகாதாரப் பணியாளர்கள் பூசியதற்கு இணையான பலன் கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய வாய்ப் புற்றுநோய் ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் மக்களின் வாயைப் பார்த்தார்கள். வெள்ளைப் படலம், ஆறாத புண் இருந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. வாயைத் திறக்கச் சொல்லிச் சில நிமிடம் பார்ப்பது உயிரைக் காக்கிறது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நம் கிராமங்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை.

ஆளுக்கேற்ற அறை

கிளினிக்குக்கு வர முடிந்தவர்களிலும் பலர் உள்ளே நுழைந்ததும் தோற்றுப்போகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனையில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகப் பல் சிகிச்சை அறையையே மாற்றிப் பார்த்தார்கள். மேல்விளக்குகளை அணைத்தார்கள், கூரையில் மெல்ல நகரும் ஒளிப்படங்கள், மென்மையான இசை, நாற்காலியைச் சுற்றி வண்ணத்துப்பூச்சி வடிவப் போர்வை, அணைத்துப் பிடிப்பது போன்ற இதமான அழுத்தம் தருவது. 2023-ல் வெளியான முடிவில், இந்த அறையில் குழந்தைகளின் உடல் காட்டிய பதற்ற அறிகுறிகள் குறைந்திருந்தன. குழந்தை எதைத் தாங்காது என்று முன்கூட்டியே தாயிடம் கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.

எல்லாக் கிளினிக்கிலும் இன்றே செய்யக்கூடியவை ஏராளம். கருவியைப் பெயர் சொல்லி, விரல் நகத்தில் ஓடவிட்டுக் காட்டி, பிறகு பல்லில் தொடுவது. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்" என்று சொல்லி, தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்துவது. காது கேளாதவரிடம் மாஸ்க்கை இறக்கி, முகம் பார்த்துப் பேசி முடித்த பிறகு சிகிச்சையைத் தொடங்குவது. பார்வை இல்லாதவரிடம் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவது. சக்கர நாற்காலியிலிருந்து இறக்காமல் அதிலேயே தலையைத் தாங்கிப் பார்ப்பது. கர்ப்பிணி என்றதும் "குழந்தை பிறந்த பிறகு வாங்க" என்று அனுப்பாமல் சிகிச்சை கொடுப்பது. கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை பாதுகாப்பானது, நடு மூன்று மாதங்கள் மிகவும் வசதியானவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தடையற்ற நுழைவும், சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும் என்கிறது. மாடிப்படி மட்டுமே உள்ள கிளினிக் அந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

படுக்கையில் இருப்பவரின் வாய்

மிக அதிகமாக மறக்கப்படுபவர்கள் முதியவர்கள். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான பல மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைக்கின்றன. ஈறு இறங்கியதால் வெளியே தெரியும் பல் வேருக்கு எனாமல் இல்லை. எனாமலைக் கரைக்காத மெல்லிய அமிலமே வேரைக் கரைத்துவிடும். பல்லும் ஈறும் சந்திக்கும் இடத்தில் சொத்தை சுற்றி வளைத்து, ஒரு நாள் பல் அப்படியே முறிகிறது. சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில், ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன.

ஜப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 1999-ல் லான்செட்டில் வந்தது. ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பணியாளர்கள் பல் தேய்த்துவிட்டு, பல் மருத்துவரோ உதவியாளரோ வாரம் ஒரு முறை சுத்தம் செய்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் அது 19 சதவீதம். வாயில் பெருகிய கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவதைத் துலக்குதல் தடுத்தது. எண்பது வயதில் 20 பல் என்ற இயக்கத்தை ஜப்பான் 1989-ல் தொடங்கியபோது அதை எட்டியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016 கணக்கெடுப்பில் பாதிக்கும் மேல். பல் மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு அங்கே காப்பீடு பணம் தருகிறது. வயதானால் பல் விழும் என்பதை விதியாக ஏற்க வேண்டியதில்லை.

படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை இன்றே தொடங்கலாம். தலையை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மென்மையான பிரஷ்ஷில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, பற்களையும் ஈறையும் நாக்கையும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பல் செட் போட்டிருந்தால் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். பல் தேய்த்துவிடுவது ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும்.

நம்மிடம் இருக்கும் பாதை

தமிழ்நாட்டில் இதற்கான பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஊர்ப் பெண்களே வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே கையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தால் வாய்ப்புண்ணையும் வெள்ளைப் படலத்தையும் பார்த்து மேலே அனுப்பலாம். சர்க்கரை நோயாளியிடம் ஈறில் ரத்தம் வருகிறதா என்று கேட்கலாம். படுக்கையில் இருப்பவரின் வாயைச் சுத்தம் செய்யும் விதத்தைக் குடும்பத்துக்குக் காட்டலாம். அரசுப் பல் மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற செவிலியர் வெள்ளி ஃபுளோரைடு பூசுவதற்கு விதிகளில் இடம் தரவேண்டும்.

குழந்தைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது. ஸ்காட்லாந்து தன் மழலையர் பள்ளிகளில் தினமும் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பல் தேய்க்க வைத்தது. முதல் வகுப்பில் சேரும்போது கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாத குழந்தைகள் 2003-ல் 45 சதவீதம். 2020-ல் 73 சதவீதம். ஒரு பிரஷ், ஒரு துளி பேஸ்ட், கூடவே நிற்கும் ஒரு ஆசிரியை. இவ்வளவையும் நம் அங்கன்வாடிகளால் கொடுக்க முடியும்.

பல் மருத்துவமனையின் தரத்தை அளக்க நாம் இதுவரை கேட்டது, எத்தனை நாற்காலி, என்ன இயந்திரம் என்பதுதான். இனிக் கேட்கவேண்டியது வேறு. போன ஆண்டு இந்த ஊரில் சக்கர நாற்காலியில் எத்தனை பேர் வந்து சிகிச்சை பெற்றார்கள்? வலி வரும் முன்னே எத்தனை குழந்தைகளின் சொத்தை நின்றது? வீட்டிலேயே எத்தனை முதியவர்களின் வாயைப் பார்த்தீர்கள்? அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது, "துளைக்காமல் நிறுத்த வழி இருக்கா டாக்டர்?" என்று கேளுங்கள். கிராம சபையில் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, பல்லையும் சேர்த்துக் கேளுங்கள். மருந்து இருக்கிறது, முறை இருக்கிறது, சான்றும் இருக்கிறது. கேட்பவர்கள் கூடக் கூடத்தான் அவை வீட்டு வாசலுக்கு வரும்.